அப்பா பெயரில் எங்கள் வீட்டில் ஓர் ஆள் வசிக்கிறாராம். எப்படி எடுப்பது?

கறிவேப்பிலைத்தொட்டி (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு ஃபோன். குடிவரவு அலுவலகத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் ஃபைலில் சிக்கல் என்று ஆரம்பித்தான். இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். ரசம் நுரை கட்டுகிற நேரம் வேறு, வைத்துவிடலாம் என்று போனேன். அதற்குள் நாங்கள் 2014-ல் குடியிருந்த சன்னிவேல் அபார்ட்மெண்டின் கதவு எண்ணைச் சொன்னான். அப்புறம் என் வீட்டுக்காரர் (கணவர்) பெயர். அப்புறம் மாமியார் பெயர். பணம் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ரசம் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன்.

ராத்திரி என் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடினேன். ஆள் தேடிக் கொடுக்கும் தளங்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். ஒன்றில் நாலு தடவை இருக்கிறேன்.

காரணம் நம் பெயர்தான். 2009-ல் எச்4-ல் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசா) வந்தபோது என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. நம்மில் பலருக்கு நடந்த கதை: இருக்கிற ஒரே பெயரைக் கடைசிப் பெயராக்கி, முதல் பெயர் தெரியாது என்பதற்கு எஃப்என்யூ என்று விசாவில் அச்சடித்துக் கொடுத்தார்கள். வங்கி, லைசென்ஸ், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அதுவே. பல் டாக்டர் ஆபீஸில் ஒரு பெண் என்னை ரொம்ப நாள் ‘ஃபனூ’ என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். 2021-ல் குடியுரிமை வாங்கும்போது அப்பா பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்துக்கொண்டேன்.

ஆக அந்தத் தளத்தில் எஃப்என்யூ ஒருத்தி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒருத்தி. என் பெயரோடு வீட்டுக்காரர் பெயர் ஒட்டி ஒருத்தி (எங்கேயோ தீபாவளிக் குலுக்கலுக்கு அவர் எழுதிப் போட்ட சீட்டாக இருக்கும் என்று சந்தேகம்). நாலாவதில் பெயர் தலைகீழ்: அப்பா பெயர் முன்னால், என் பெயர் பின்னால். ஆண். வயது 43, அதாவது என் வயது. முகவரி எங்கள் வீடு. என் பக்கத்தில் அவர் ‘உறவினராக இருக்கலாம்’ என்று போட்டிருக்கிறது.

அப்பா 2011-ல் பாளையங்கோட்டையில் காலமானார். விமானத்தில் ஏறியதே இல்லை.

இதையெல்லாம் எப்படி எடுப்பது? ஒரு தளம் லைசென்ஸ் படம் கேட்கிறது. கொடுக்கலாமா? மாசக் கட்டணத்துக்கு எடுத்துத் தருகிறேன் என்று விளம்பரங்களும் வருகின்றன. யாராவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

எக்செல்_மாமா (சான் ஹோசே)

லைசென்ஸ் படத்தை அப்படியே அனுப்பாதீங்க. பெரும்பாலான தளங்களுக்கு அது தேவையே இல்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் பெயர், முகவரி தவிர மீதியை மறைத்துவிட்டு அனுப்புங்க: படம், எண், கையெழுத்து எல்லாம் கறுப்பு.

நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் இதற்கென்றே ஒரு புது மின்னஞ்சல். சொந்த ஐடியைக் கொடுத்தால் அவர்களிடம் இல்லாத ஒன்றை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. அப்புறம் ஒரு எக்செல் ஷீட்: தளம், பக்கத்தின் லிங்க், எந்தப் பெயரில், என்றைக்குக் கேட்டேன், என்றைக்குப் போனது. உங்களுக்கு நாலு பெயர் என்றால் தளத்துக்கு நாலு வரி. ஒரு பக்கத்தை எடுத்தால் மற்ற மூன்றும் தானாகப் போகாது, அவர்கள் கணக்கில் அது வேறு ஆள்.

வைட்பேஜஸில் பக்கத்தின் லிங்கை ஒட்டினால் ஃபோன் எண் கேட்கும், திரையில் ஒரு குறியீட்டு எண் காட்டும், தானியங்கி அழைப்பு வந்ததும் அதை அழுத்த வேண்டும். இன்டீலியஸ், ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் மூன்றும் பீப்பிள்கனெக்ட் என்ற ஒரே கம்பெனிதான். ஒரே இடத்தில் மூன்றுக்கும் முடித்துவிடலாம். அங்கே மட்டும் ஒரு நுணுக்கம்: ‘மறைத்து வை’, ‘அழித்துவிடு’ என்று இரண்டு வழி இருக்கும். அழித்துவிடு என்பதுதான் நல்லது போலத் தோன்றும். ஆனால் அழித்தால், உங்களைக் காட்டக் கூடாது என்ற குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். அடுத்த தடவை வேறு யாரிடமாவது பட்டியல் வாங்கும்போது புது ஆளாகத் திரும்பி வந்து உட்காருவீர்கள். மறைத்து வை என்பதைப் போடுங்க.

கூகிளில் ‘ரிசல்ட்ஸ் அபவுட் யூ’ என்று இருக்கிறது. ஃபோன், முகவரி வரும் பக்கங்களைத் தேடலில் காட்டாமல் செய்யலாம். தளத்தில் அது அப்படியேதான் இருக்கும். வாசலில் கோலம் போட்ட மாதிரி, உள்ளே வீடு கூட்டினதாக ஆகாது.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற தளங்கள். இவர்களுக்குப் பின்னால் நம் பெயரைப் பட்டியலாக விற்கிற புரோக்கர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் தேடிப் பார்க்கிற பக்கமே கிடையாது. அதற்குத்தான் நம் மாநிலத்தில் 2023-ல் டெலீட் ஆக்ட் வந்தது. அதன்படி 2026 ஜனவரியில் ‘ட்ராப்’ என்ற அரசுத் தளம் திறந்தது. கலிஃபோர்னியாவில் வசிக்கிறீர்கள் என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டு ஒரே விண்ணப்பம் போட்டால், மாநிலத்தில் பதிவு செய்திருக்கும் 500-க்கு மேற்பட்ட புரோக்கர்களுக்கும் சேர்த்துப் போகும். அவர்கள் 2026 ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பட்டியலை எடுத்து அழிக்கத் தொடங்க வேண்டும், 45 நாளுக்கு ஒரு முறை திரும்பவும் பார்க்க வேண்டும். அழிக்காவிட்டால் ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் அபராதம். காசு கிடையாது, ஐந்து நிமிஷம்தான்.

உங்கள் பெயர்க் குழப்பத்துக்கு அதில் ஒரு வசதி: ஃபோன், மின்னஞ்சல் இரண்டையும் பெயரோடு சேர்க்காமல் தனியாகவும் ஒப்பிடுவார்கள். அதனால் பழைய எண்கள், பழைய யாஹூ ஐடி எதையும் விடாமல் போடுங்க. எஃப்என்யூவாக இருந்தாலும் ஃபனூவாக இருந்தாலும் எண் ஒன்றுதானே.

---

எடிசன்வாசி (நியூ ஜெர்சி)

மாமா சொன்ன ட்ராப் எங்களுக்குக் கிடையாது, வயிற்றெரிச்சல். இங்கே டேனியல்ஸ் லா என்று ஒன்று இருக்கிறது. 2020-ல் ஒருவன் ஒரு பெண் நீதிபதியின் வீட்டு வாசலுக்கே வந்து அவர் மகனைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம். நீதிபதி, போலீஸ் குடும்பங்களின் முகவரியை எடுக்கத்தான் அது. என்னைப் போன்ற சாஃப்ட்வேர்க்காரன் தளம் தளமாக ஏறி இறங்க வேண்டியதுதான்.

காசு கொடுக்கிற சேவை பற்றிக் கேட்டீர்களே. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2024-ல் ஏழு சேவைகளைச் சோதித்தது. கையால் செய்ததுதான் முதலிடம், பதிவுகளில் 70 விழுக்காடு போனது. சேவைகளில் ஆப்டரியும் ஈஸிஆப்ட்அவுட்ஸும் மட்டும் அதை ஒட்டி வந்தன. ஈஸிஆப்ட்அவுட்ஸுக்கு அப்போது ஒரு வருஷத்துக்கு 20 டாலர்தான். பல மடங்கு வாங்குகிறவர்கள் அதைவிடக் கீழே. விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனால் உங்கள் நாலு பெயரையும் எந்தச் சேவையும் தானாகக் கண்டுபிடிக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையால் செய்வதே மேல்.

கிரெடிட் கார்டு கடிதங்கள் குவிகின்றன என்றால் அவற்றை நிறுத்துகிற ஆப்ட்அவுட்ப்ரீஸ்க்ரீன் தளத்தில் போடுங்கள். ஆன்லைனில் போட்டால் ஐந்து வருஷம். ஒரேயடியாக நிறுத்த வேண்டுமென்றால் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். அப்புறம் தி ஒர்க் நம்பர், ஈக்விஃபாக்ஸ் வைத்திருக்கிற வேலை விவரத் தொகுப்பு. அதில் நம் சம்பளமே இருக்கும், பலருக்கு அது தெரியாது. அதை யாருக்கும் கொடுக்காதபடி அங்கே ஃப்ரீஸ் போட்டுவிடுங்கள்.

---

சும்மா_ஒருவன் (சென்னை)

இங்கே ஃபிளாட் பதிவு செய்துவிட்டு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் படி இறங்குவதற்குள் மாடுலர் கிச்சன்காரன் கூப்பிடுகிறான். நீங்கள் 500 பேரைத் தேடிப் பிடிக்கிறீர்கள். கொடுத்துவைத்தவர்கள்.

---

கறிவேப்பிலைத்தொட்டி

மாமா, எடிசன்வாசி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சென்னைக்காரருக்கும், சிரித்துவிட்டேன்.

மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். இதுவரை 11 தளம், 31 வரி. வைட்பேஜஸ் குறியீட்டு அழைப்பு வந்தபோது மறுபடியும் அவன்தானோ என்று பயந்து எடுக்காமல் விட்டு, இன்னொரு தடவை கேட்க வேண்டியதாகிவிட்டது. ட்ராப் முடித்தேன், 2009-லிருந்து நான் வைத்திருந்த ஐந்து ஃபோன் எண்களை ஞாபகப்படுத்துவதற்குத்தான் நேரம் ஆனது. இரண்டு வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை.

ஒரு சந்தேகம். அந்தத் தலைகீழ்ப் பெயர்ப் பதிவை எடுக்கப் போனால் ‘இது நீங்கள்தானா’ என்று கேட்கிறது. ஆமாம் என்றால் பொய்யா, இல்லை என்றால் எடுக்க மாட்டார்களா?

---

எக்செல்_மாமா

வயது உங்களுடையது, முகவரி உங்களுடையது, ஃபோனும் உங்களுடையது. பெயரை அவர்கள் மாற்றிப் போட்டதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆமாம் என்று போடுங்க. அது நீங்கள்தான்.

---

கறிவேப்பிலைத்தொட்டி

போட்டுவிட்டேன். 72 மணி நேரத்தில் போய்விடும் என்று பதில் வந்தது, மறுநாள் சாயங்காலமே பக்கம் இல்லை.

எடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்டார். ‘அம்மாவுக்கு அனுப்ப’ என்றேன். அம்மா பார்த்துவிட்டு, “உங்கப்பாவுக்கு அமெரிக்கா வர ரொம்ப ஆசை, வந்து சேர்ந்துட்டாரு பாரு” என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை, மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

மாமியார் பதிவு மீதி இருக்கிறது. ஆறு மாசம் வந்து தங்கிப் போனவர், அவருக்கு மூன்று எழுத்துக்கூட்டல். அவர் இப்போது மதுரையில், கலிஃபோர்னியாவாசி இல்லை, அதனால் ட்ராப் ஆகாது. கையால்தான் செய்ய வேண்டும். மாமா, அந்த ஷீட்டின் வெறும் படிவத்தை இங்கே ஒட்ட முடியுமா? என்னுடையதில் கலர் போட்டுப் போட்டு இப்போது எனக்கே புரியவில்லை.