ஒரே கீ எண் கொண்ட இரு பாடல்கள் கலக்கும்போது சுருதி விலகுவது ஏன்?

கேள்வி கேட்டவர்:

வணக்கம். ஹவுஸ் வகைப் பாடல்களைக் கலக்கும்போது கேம்லாட் சக்கரத்தின் (பாடலின் கீயை, அதாவது அதன் ஆதார ஸ்வரத்தையும் மேஜரா மைனரா என்பதையும், 1 முதல் 12 வரையான எண்ணாலும் ஏ அல்லது பி என்ற எழுத்தாலும் குறிக்கும் வட்டம்; ஒரே எண்ணோ பக்கத்து எண்ணோ உள்ளவை சேரும் என்பது விதி) எண்களைப் பார்த்தே அடுத்த பாடலைத் தேர்ந்தெடுக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் பாடல் 128 பிபிஎம் (நிமிடத்துக்கான தாள அடிகள்), 8ஏ. அடுத்து வருவது 124 பிபிஎம், அதுவும் 8ஏ. இரண்டாவதை 128க்கு உயர்த்தித் தாளத்தைப் பிசகின்றிப் பொருத்திய பிறகும், டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் முன்பகுதி முடிந்து சிந்தசைசரும் பேஸும் நுழைந்தவுடன் சுருதி கெட்டுவிடுகிறது. பேஸ் ஒலி அலையலையாக எழுந்து தணிகிறது. இதைவிட வியப்பானது ஒன்று உண்டு: 121 பிபிஎம் கொண்ட வேறொரு 8ஏ பாடலை 128க்கு உயர்த்தி, விதிப்படி சேரவே கூடாத ஒரு 3ஏ பாடலுடன் ஒலிக்கவிட்டபோது இரண்டும் இனிமையாக இணைந்தன. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:

முதலில் மென்பொருளைச் சந்தேகியுங்கள். கீ கண்டறிதலில் அது 8ஏவை 8பி என்றோ, பக்கத்து எண்ணான 9ஏ என்றோ காட்டிவிடுவது உண்டு. ஏ மைனருக்கும் (8ஏ) சி மேஜருக்கும் (8பி) ஸ்வரங்கள் ஒன்றே என்பதால் முதல் வகைப் பிழை பெரிதாகக் காதில் உறுத்தாது. ஆயினும், பாடலை அதன் இயல்பான வேகத்தில் ஓடவிட்டு, ஒரு கீபோர்டில் ஆதார ஸ்வரத்தை வாசித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு 8ஏ பாடல்களும் ஏ மைனர்தான். 3ஏ பாடல் பி ஃபிளாட் மைனர்தான். மென்பொருள் சரியாகவே காட்டியிருக்கிறது.

மறுமொழி 2:

அப்படியானால் நீங்கள் வியப்பு என்று சொன்ன அந்த 3ஏ இணைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது. உங்கள் டெக்கில் (பாடலை ஓட்டும் கருவியில்) கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி; சில கருவிகளில் மாஸ்டர் டெம்போ) அணைந்திருக்கிறது. அது இல்லாமல் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் சேர்ந்தே ஏறும், ஏறத்தாழ 5.95 சதவீத வேகம் ஒரு முழு செமிடோனுக்கு (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான சுருதி இடைவெளி) சமம். 121இலிருந்து 128 என்பது 5.8 சதவீதம், ஆகவே அந்த ஏ மைனர் பாடல் கிட்டத்தட்ட பி ஃபிளாட் மைனராகவே மாறி, 3ஏவுடன் பொருந்திவிட்டது. 124இலிருந்து 128 என்பதோ 3.2 சதவீதம்தான். 440 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டிய ஏ ஸ்வரம் 454க்குப் போய்விடுகிறது. அடுத்த ஸ்வரமான பி ஃபிளாட் 466இல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தொங்கும் இந்தச் சுருதி சக்கரத்தின் எந்த எண்ணிலும் அடங்காது. பேஸ் அலைவதும் இதனால்தான்: 55 ஹெர்ட்ஸும் 56.8 ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலிக்கையில், நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை ஒலி பெருகிச் சுருங்கும்.

கேள்வி கேட்டவர்:

கீ லாக் அணைந்துதான் இருந்தது. இயக்கியதும் 8ஏ பாடல்கள் இரண்டும் அழகாகச் சேர்ந்துவிட்டன. 3ஏ இணைப்பு, நீங்கள் சொன்னபடியே, இப்போது சகிக்க முடியாததாக ஆகிவிட்டது. ஆனால் 121இலிருந்து 128க்கு ஏற்றும்போது குரலில் ஒரு செயற்கைத்தனமும் டிரம்ஸில் ஒரு மழுங்கலும் தெரிகின்றன. இரண்டு பாடல்களையும் இடைப்பட்ட வேகத்தில் வைத்து, கீ லாக் இல்லாமல் கலந்தால் தீருமா?

மறுமொழி 2:

தீராது. இரு வேகங்களும் எங்கே சந்தித்தாலும் அவற்றின் விகிதம் மாறாது. ஆகவே சுருதி வேறுபாடும் அப்படியே நிற்கும். கீ லாக் இயங்கும்போது மட்டுமே இடைவேகம் பயன்தரும், ஏனெனில் ஒரு பாடலை அதிகமாக நீட்டிச் சுருக்குவதற்குப் பதில் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறீர்கள். அல்லது கீ லாக்கை அணைத்துவிட்டு, மாறிய சுருதியைக் கணக்கிட்டே அடுத்த பாடலைத் தேர்ந்தெடுக்கலாம்: ஒரு செமிடோன் ஏறினால் எண்ணுடன் 7ஐயும், இறங்கினால் 5ஐயும் கூட்டி, 12ஐத் தாண்டினால் 12ஐக் கழியுங்கள். எழுத்து மாறாது. என் விருப்பம் இந்த இரண்டாவது வழிதான். ஒலி தெளிவாக இருக்கும், ஆனால் மாற்றம் 6 சதவீதத்தை ஒட்டியோ பூஜ்யத்தை ஒட்டியோ இருந்தால் மட்டுமே இது கைகொடுக்கும்.

மறுமொழி 3:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கீ சரியாகப் பொருந்தினாலும் இரண்டு பேஸ்கள் ஒரே நேரத்தில் முழு அளவில் ஒலித்தால் கலவை குழம்பும். வரும் பாடலின் லோ ஈக்யூவை (தாழ்ந்த ஒலிகளின் அளவைக் கட்டுப்படுத்தும் திருகை) குறைத்து வைத்திருந்து, 16 அல்லது 32 பார் (தாளச் சுற்று) முடியும் இடத்தில் பேஸை மாற்றிக்கொடுங்கள். இரு குரல்கள் மோதுவதை எந்தச் சக்கரமும் தடுக்காது. மேலும், நடுவில் கீ மாறும் பாடலுக்கு மென்பொருள் ஒரே எண்ணைத்தான் கொடுத்திருக்கக்கூடும். அத்தகைய பாடலில் நீங்கள் கலக்கப்போகும் பகுதியை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.