புதுப்பிப்பு: மருந்து நிறுவனத்துடன் ஒப்பந்தம், டண்டீ உதாரணம்

போன மாதம் எழுதியது நினைவிருக்கலாம்: எங்கள் ஆய்வகத்தோடு சேர வந்த ஒரு மருந்து நிறுவனம், முடிவுகளை ஓராண்டு வெளியிடக் கூடாது என்றது. மாணவர்களின் முனைவர் பட்டம் என்னாவது என்று கேட்டிருந்தேன். இப்போது அந்த ஓராண்டை 60 நாளாகக் குறைத்துப் பேசி முடித்துவிட்டோம். அதற்குள் அவர்கள் படித்து, காப்புரிமை வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம். அதன்பிறகு நாங்கள் வெளியிடலாம். மனசுக்கு நிம்மதி.

அப்புறம் ஒரு திருத்தம். போட்டி நிறுவனங்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் சேர்ந்து உட்காராது என்று அன்று எழுதியது தவறு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் 1998 முதல் அதுதான் நடந்தது. உயிர்வேதியியலாளர் பிலிப் கோஹன் முன்னின்று தொடங்கிய கூட்டமைப்பில் அஸ்ட்ராசெனகா, ஃபைசர் போன்ற நிறுவனங்கள் பணம் போட்டன. பதிலுக்கு, கைனேஸ் நொதிகளை (புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் வேலையை மாற்றுபவை) சோதிக்கத் தேவையான புரதங்களும் எதிர்ப்பொருள்களும் எல்லாருக்கும் கிடைத்தன. வெளிவராத ஆய்வு முடிவுகளையும் முன்கூட்டியே பார்த்தார்கள்.

மனித உடலில் 500க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. ஒரு மருந்து எதை அடைக்கிறது, எதைத் தவறுதலாகத் தொடுகிறது என்று பார்க்க எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கருவிகள்தான், அதாவது அந்தப் புரதங்களும் எதிர்ப்பொருள்களும்தான் வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைத் தனித்தனியே செய்வது வீண் செலவு. பகிர்ந்தது கருவிகளை, மருந்து மூலக்கூறு அவரவருடையது. இந்தப் பிரிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எங்கள் ஒப்பந்தத்திலும் கருவிகளுக்குத் தனிப் பிரிவு கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.