அட்டை வடிவமைப்புக்கு யோசனை தேடினால் பார்த்ததே திரும்ப வருகிறது, எங்கிருந்து தொடங்குவது?

வெற்றுத்தாள்:
வணக்கம். தூக்கத்தைப் பற்றிய அறிவியல் நூல் ஒன்றுக்கு அட்டை செய்ய வேண்டும். பொது வாசகருக்கானது, தலைப்பிலேயே ‘தூக்கம்’ என்ற சொல் இருக்கிறது. பின்டெரெஸ்ட், பிஹான்ஸ் ஆகிய படத் தளங்கள் இரண்டிலும் சேர்த்த படங்கள் எண்பதைத் தாண்டிவிட்டன. ஆனால் வரைய உட்கார்ந்தால் நிலா, தலையணை, மூடிய கண், கருநீலப் பின்னணி, இவைதான் வருகின்றன. முதல் வரைவைக் காட்ட ஆறு நாள் இருக்கிறது. எங்கே தேடுவது, எப்போது தேடலை நிறுத்துவது?

கட்டமும்கோடும்:
தேடும் இடத்தில் இல்லை, தேடும் வரிசையில்தான் சிக்கல். முடிந்த வேலைகளை முதலில் பார்த்துவிட்டால் கை அதையேதான் வரையும். இதற்கு ‘டிசைன் ஃபிக்சேஷன்’ என்று பெயர். ஜான்சன், ஸ்மித் இருவரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். உறிஞ்சுகுழல் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் சிலருக்குக் காட்டிய மாதிரிப் படத்தில் உறிஞ்சுகுழல் இருந்தது. அதைப் பார்த்தவர்கள், பார்க்காதவர்களைவிட அதிகமாக, நிபந்தனையையும் மீறி உறிஞ்சுகுழலை வரைந்தார்கள்.

அதனால் அந்த எண்பது படங்களையும் மூடி வையுங்கள். நூலைப் படித்துக்கொண்டே முப்பது சொற்கள் குறியுங்கள், பாதியாவது வினையாக இருக்கட்டும். முதலில் வந்த பத்தை அடித்துவிடுங்கள், நிலாவும் படுக்கையும் அதில்தான் இருக்கும். இறங்குவது, மிதப்பது, புரள்வது, திரும்ப மேலே வருவது என்று சில மிஞ்சும். பெயர்ச்சொல் ஒரு பொருளின் படத்தோடு நின்றுவிடும், வினைச்சொல்தான் வடிவத்துக்குக் கொண்டுபோகும். மிஞ்சிய வினையை எடுத்துக்கொண்டு, நூல் அட்டைக்குச் சம்பந்தமே இல்லாத துறையில் தேடுங்கள்.

உங்களுக்கு ஹிப்னோகிராம் பொருந்தும். ஓர் இரவில் தூக்கத்தின் நிலைகள் மாறுவதைக் காட்டும் வரைபடம் அது. உச்சியில் விழிப்பு, அடியில் ஆழ்ந்த தூக்கம், இடையில் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கி ஏறும். ஒரு சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம், இரவுக்கு நான்கு முதல் ஆறு சுழற்சிகள். ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், கனவு மிகுந்த ரெம் நிலை விடியலை நெருங்க நெருங்க நீளும். அதாவது கோடு இடப்பக்கம் அடிவரை இறங்கும், வலப்பக்கம் மேலாகவே நின்றுவிடும். எந்த மூலையில் கனம், எந்த மூலையில் வெற்றிடம் என்பதை இந்தக் கோடே முடிவுசெய்துவிடுகிறது. அட்டையில் தூக்கம் தெரியும், தூங்குகிற ஆள் இருக்க வேண்டியதில்லை.

தடிப்பேனா:
மேலே சொன்னதோடு, தலைப்பெழுத்தையும் பாருங்கள். ‘தூக்கம்’ என்பதில் இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, க் மேல் ஒன்று, ம் மேல் ஒன்று. ஹிப்னோகிராமில் இடையிடையே வரும் குறுகிய விழிப்புகள் உச்சியில் முனைகளாகத் தெரியும். புள்ளிகள் அந்த விழிப்புகளாக நிற்கலாம். ஆனால் புள்ளியைத் தன் எழுத்தின் அகலத்தைத் தாண்டி நகர்த்தாதீர்கள், எழுத்தின் உயரத்தில் பாதிக்கு மேல் தூக்கவும் வேண்டாம். தாண்டினால் ‘தூககம’ என்று படிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கணினிக்குப் போகும் முன் ஒரு ஏ4 தாளில் 4 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரத்தில் பன்னிரண்டு கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு இரண்டே நிமிடம், தடித்த மார்க்கர் மட்டும். மெல்லிய பேனா இருந்தால் கை நுணுக்கத்துக்குப் போய்விடும், மொத்த அமைப்பு (லேயவுட்) பின்னுக்குப் போகும். முதல் நான்கைந்து கட்டம் ஏற்கெனவே தலையில் இருந்தவற்றுக்குச் செலவாகும், அது பரவாயில்லை. தாள் நிரம்பும்வரை நிறுத்தாதீர்கள்.

மைத்துளி:
பட மூலங்களுக்கு: நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் பொது உரிமையில் (காப்புரிமை இல்லாமல்) உள்ளவற்றின் படங்களை 2017 முதல் சிசி0 உரிமத்தில், அதாவது யாரும் தடையின்றிப் பயன்படுத்தும்படி தருகிறது. அமெரிக்க அருங்காட்சியகக் குழுமமான ஸ்மித்சோனியனின் திறந்த சேகரிப்பு 2020-இல் வந்தது. பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் பழைய தாவர, விலங்கு நூல்களின் ஓவியங்கள் கொட்டிக் கிடக்கின்றன. இரவில் மடங்கும் இலைகளை அங்கே தேடிப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது என்றால், பதினைந்து படம் போதும். ஒவ்வொன்றின் கீழும் எதற்காக எடுத்தீர்கள் என்று ஒரே வரி: கோட்டின் தடிப்பு, நிறங்களின் விகிதம், வெற்றிடம், இப்படி. ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும்தான் எழுத முடிகிறதா, தூக்கிவிடுங்கள். புதிதாக எடுக்கும் படத்துக்குப் பழைய குறிப்பே திரும்ப வருகிறது என்றால் தேடல் முடிந்துவிட்டது.

நிறம் எடுக்கும்போது ஐட்ராப்பரை (படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் கருவி) ஒரே பிக்சலில் வைக்காதீர்கள், படத்தைச் சுருக்கிச் சேமித்ததால் வந்த ஜேபெக் இரைச்சல்தான் கிடைக்கும். 5×5 பிக்சல் சராசரி வையுங்கள். அதைவிட நல்லது, படத்தையே 8 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது. எந்த நிறம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். விகிதத்தை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்தால் மூலப்படத்தின் உணர்வு வராது.

கருநீலம் வேண்டும் என்றே முடிவுசெய்தால் ஓர் எச்சரிக்கை. சிஎம்ஒய்கே அச்சில், அதாவது நான்கு மை அச்சில், மெஜந்தா (கருஞ்சிவப்பு மை) அளவு சையானை (வெளிர்நீல மை) நெருங்கினால் நீலம் ஊதாவாக வரும். மெஜந்தா குறைந்தது 30 விழுக்காடு கீழே இருக்கட்டும், சையான் 100 என்றால் மெஜந்தா 65, 70.

வெற்றுத்தாள்:
மிக்க நன்றி. ஹிப்னோகிராம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொன்று: பதிப்பாளர் ஐந்து அட்டைகளை அனுப்பி ‘இந்த மாதிரி வேண்டும்’ என்கிறார். ஐந்திலும் நிலா இருக்கிறது.

கட்டமும்கோடும்:
‘எது பிடித்தது’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு அட்டைக்கும், நிலாவை எடுத்துவிட்டால் இதில் எதை விட மனசு வராது என்று கேளுங்கள். அமைதி, நிறைய வெற்றிடம், பெரிய எழுத்து, இவற்றில் ஏதோ ஒன்றைச் சொல்வார். அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் பன்னிரண்டு கட்டங்களில் அது இருக்கும் இரண்டை மட்டும் வளர்த்துக் காட்டுங்கள்.

பின்டெரெஸ்ட் படங்களைத் திறக்க வேண்டிய நேரமும் அப்போதுதான். வரைவை 100 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, சேர்த்து வைத்த எண்பதுக்கு நடுவில் ஒட்டிப் பாருங்கள். கண் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.