பழைய எலக்ட்ரானிக் சாமான்களை, என்ன செட் என்று தெரியாமல் வாங்கியவர்கள், விற்றவர்கள்: நடந்ததைச் சொல்லுங்கள்

தங்கச்சிமடம் ரிப்பேர்க்காரன்

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் என் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. 61 நாளும் விசைப்படகு கடலுக்குப் போகாது. பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், படகோட்டும் அறையான வீல்ஹவுஸில் தொங்குகிற பழைய செட்டுகளைக் கழற்றி வீசுவார்கள். அதில் பாதி என்னிடம் வரும், பாதி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டு அங்கிருந்து என்னிடம் வரும்.

இரண்டு தடைக்காலத்துக்கு முன்னால் இரும்புக் கடைத் தம்பி ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினான். "அண்ணே, ரேடியோ மாதிரி இருக்கு. கிலோக் கணக்குல போட மனசு வரல" என்றான். உள்ளே ஒரே மாதிரி இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகள். கூடவே கனமான இரண்டு உருண்டைகள், ஒவ்வொன்றும் தேங்காய்மூடி அளவு. ஒன்றின் வால் போல ஏழெட்டு மீட்டர் கருப்புக் கேபிள் தொங்கியது. இன்னொன்றில் வால் இல்லை.

பெட்டியின் முன்பக்கம் பெயர் எழுத்தெல்லாம் உப்பில் அரித்துப்போயிருந்தது. நான் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். 12–24 வோல்ட் டிசி என்று தகடு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பல பின் வைத்த ஒரு பெரிய சாக்கெட். ஆன்டெனா மாட்டுகிற துளை எங்கும் இல்லை. ரேடியோ இல்லை என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. அப்புறம் அந்தக் கருப்புக் கேபிளை விரலால் உருவிக்கொண்டே வந்தபோது நுனிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஸ்டிக்கர் தட்டுப்பட்டது. துடைத்தால் 50/200-1T. 50, 200 என்பவை கிலோஹெர்ட்ஸ். அந்த 1 என்பது ஒரு கிலோவாட். சாமான் ஃபுருனோ கம்பெனியின் எக்கோ சவுண்டர், கடலின் ஆழம் காட்டுகிற கருவி. உருண்டை அதன் டிரான்ஸ்டியூசர், படகின் அடியில் இருந்து தண்ணீருக்குள் சத்தம் விட்டு எதிரொலி கேட்கிற காது.

மேசையில் வைத்து உடனே கரண்ட் கொடுத்துப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். டிரான்ஸ்டியூசர் காற்றில் இருக்கும்போது ஓட்டினால் அது கெட்டுப்போகலாம். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் மாப்பிள்ளை முறைக்காரர் ஒருவரின் வல்லத்தில் ஏற்றிக்கொண்டு வடகடலுக்கு (பாக் நீரிணைப் பக்கம்) போனேன். பேட்டரியில் மாட்டி உருண்டையைத் தண்ணீரில் இறக்கினோம். திரையில் 5.4 மீட்டர். அவர் நம்பாமல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு அளந்தார். மூன்று பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). "அட, சரியாத்தான் சொல்லுது" என்று அவர் சொன்னதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டேன். பின்னால் விற்றுக் கொடுத்தது அந்த வீடியோதான்.

ராமேஸ்வரத்தில் ஒரு சம்மாட்டியிடம் (படகு முதலாளி) காட்டினேன். "வடகடல்ல ஏழு பாகம் தாண்டாது, இதுக்கு எதுக்குய்யா ஒரு கிலோவாட்டு" என்று சிரித்தார். நியாயம்தான். ஆழம் குறைந்த இடத்துக்கு 200-ம் சின்னப் பவரும் போதும். 50 கிலோஹெர்ட்ஸும் பெரிய பவரும் ஆழ்கடலுக்குப் போகிறவனுக்குத்தான் தேவை. தகட்டின் படத்தையும் வீடியோவையும் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம் ஆழ்கடல் தொழில் பார்க்கிற ஒரு பழக்கக்காரருக்கு அனுப்பினேன். சம்மாட்டி விளையாட்டாகச் சொன்ன விலையைப் போல ஐந்து மடங்கு கொடுத்து பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னார்.

இரண்டாவது செட்டின் கதை வேறு. இரும்புக் கடையில் வேலை பார்க்கிற பையன் செம்புக்காகக் கேபிளை உருண்டையோடு ஒட்ட வெட்டிவிட்டான். பிளக் பக்கம் வெட்டியிருந்தால் புது பிளக் வைத்துப் பற்றவைத்திருப்பேன். உருண்டைக்குள் இருந்து வருகிற இடத்தில் வெட்டினால் உள்ளே எல்லாம் பிசின் ஊற்றி அடைத்தது, தோண்டவும் முடியாது. அந்தக் கேபிளில் கிடைத்த செம்பு கால் கிலோ கூட இருக்காது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மண்டபம் காயலாங்கடை

கேபிளை வெட்டிய அந்தப் பையன் என் கடைப் பையன் இல்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் உடைத்த ஒரு சின்னக் கப்பலின் சாமான் என்று ஒரு லோடு வந்தது. அதில் மஞ்சள் நிறத்தில், தண்ணீர் பாட்டிலைவிடக் கொஞ்சம் பெரிதாக, தலையில் கண்ணாடிக் குமிழும் குச்சி ஆன்டெனாவும் உள்ள ஒரு சாமான். ஏதோ சிக்னல் விளக்கு என்று நினைத்தேன். அழுக்காக இருந்தது. மாட்டியிருந்த பிளாஸ்டிக் கூட்டில் இருந்து பிடுங்கி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வாளிக்குள் இருந்து பளீர் பளீர் என்று வெளிச்சம். பக்கத்துக் கடைப் பாட்டி, "ஏலே, அத வெளியே எடுத்துப் போடு, வெடிக்கப் போகுது" என்று கத்துகிறார். சுற்றிப் பத்துப் பேர்.

அது கப்பல் மூழ்கினால் தானாகவே அபாயக் குரல் கொடுக்கிற இபிர்ப். கூட்டை விட்டுப் பிரிந்து நனைந்தாலே ஓடத் தொடங்கிவிடும், யாரும் பட்டன் அழுத்த வேண்டியதில்லை. 406 மெகாஹெர்ட்ஸில் சாட்டிலைட்டுக்குச் சொல்லும், சாட்டிலைட் மீட்பு மையத்துக்குச் சொல்லும். பேட்டரி 48 மணி நேரமாவது தாங்கும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மேலே சொன்ன தங்கச்சிமடத்து அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். அரை நிமிடத்தில் போன் வந்தது. "மொதல்ல தொடச்சுக் கூட்டுல மாட்டு. அப்புறம் 1554-க்குப் போட்டு நீயாச் சொல்லு."

கடலோரக் காவல்படை எண் அது. நடுங்கிக்கொண்டேதான் பேசினேன். அவர்கள் திட்டவில்லை. லேபிளில் உள்ள 15 எழுத்து எண்ணைக் கேட்டார்கள். எங்கே இருக்கிறது, யார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கடலில் யாரும் இல்லை என்று தெரிந்ததில் அவர்களுக்கும் நிம்மதிதான் போலிருந்தது.

விற்றேனா என்றால் இல்லை. அந்த எண் செத்துப்போன கப்பலின் பெயரில் பதிந்தது. வேறு படகில் வைத்தால் தேடுகிறவர்கள் தவறான கப்பலைத் தேடுவார்கள். பேட்டரி தேதியும் எப்போதோ முடிந்திருந்தது. பேட்டரியைக் கழற்றச் சொல்லி அண்ணனிடமே விட்டுவிட்டேன்.

கீழக்கரை

எங்கள் ஊரில் சபர், அதாவது வெளிநாடு, போய் வந்தவர்கள் வீட்டு மச்சில் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருக்கும். பெரிய காக்கா (அண்ணன்) துபாயில் இருந்து கொண்டுவந்த பெட்டியைச் சுத்தம் செய்தபோது தடியான ஆன்டெனா வைத்த ஒரு போன் கிடைத்தது. துராயா சாட்டிலைட் போன். இணையத்தில் விலை பார்த்துவிட்டு என் மச்சான் துள்ளினார். நல்லவேளை, போட்டோ போடவில்லை. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருந்தாலே இங்கே வழக்கு, அதுவும் இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் கரையில். வக்கீல் ஒருவரிடம் கேட்டு, மனு எழுதி, ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். அதன் தோல் உறை மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. உம்மா அதில் மூக்குக்கண்ணாடி வைத்திருக்கிறார்.

தொண்டி

எனக்கு லாபம் வந்த கதை. 2023 மே மாதம். பழைய ஜிபிஎஸ் ஒன்றை, "போர்டு போச்சு, தேதியே தப்பாக் காட்டுது" என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள். போட்டுப் பார்த்தால் 2003 செப்டம்பர் என்கிறது. ஆனால் இடம்? மொட்டை மாடியில் நின்று போனோடு ஒப்பிட்டேன், அட்சரேகை தீர்க்கரேகை இரண்டும் ஒத்துப்போனது. நேரமும் சரி.

ஜிபிஎஸ் சாட்டிலைட் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும், அப்புறம் மறுபடியும் 0. கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. பழைய செட்டுகளில் சில இதில் குழம்பி 1024 வாரம், அதாவது இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பின்னால் போய்விடும். போர்டில் ஒரு கோளாறும் இல்லை. வாங்க வந்த நாட்டுப்படகுக்காரரிடம் தேதி தப்பாகக் காட்டும் என்று சொல்லியே விற்றேன். "தேதிக்கு வீட்ல காலண்டர் இருக்கு, எனக்குப் பார் தெரிஞ்சாப் போதும்" என்றார். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறையைத்தான் பார் என்பார்கள்.

தேவிபட்டினம்

சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே கசக்கிறது. அழகான பழைய மீட்டர் பெட்டி. 115 வோல்ட் என்று தகட்டில் பார்த்து டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் மாட்டினேன். அதே வரியில் 400 ஹெர்ட்ஸ் என்று இருந்ததைப் பார்க்கவில்லை. விமானத்துக்குச் செய்தது. நம் வீட்டு 50 ஹெர்ட்ஸில் ஐந்து நிமிடம் ஓடியது, அப்புறம் புகை.

தங்கச்சிமடம் ரிப்பேர்க்காரன்

தனியாகக் கேட்டவர்களுக்கு: பேசுகிற செட், அதாவது விஎச்எஃப் வாக்கி டாக்கி, வந்தால் நான் கைமாற்றி விடுவதில்லை. அதற்கு உரிமம் வேண்டும். எக்கோ, ஜிபிஎஸ் என்றால் பின்பக்கத் தகடு, சாக்கெட்டுகள், கேபிளின் இரண்டு நுனி, இவற்றின் படம் அனுப்புங்கள். முன்பக்கம் வேண்டாம்.

அந்த இரும்புக் கடைத் தம்பி நேற்று இன்னொரு சாக்கு கொண்டுவந்தான். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி ஒரு கேபிளக்கூட வெட்டல" என்றான். உண்மைதான். சாக்கின் வாயை அந்தக் கேபிளாலேயே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான்.