ஜான் மன்னர் கையெழுத்துப் போடவே இல்லை!

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வேறொரு விவாத இழையில் நெட்டைக்கொக்கு எழுதியிருப்பது: "1215-ல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டாவில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே இங்கிலாந்தில் மன்னராட்சியின் கதை முடிந்தது." படித்து முடிப்பதற்குள் என் காபி ஆறிப்போனதுதான் மிச்சம். மாக்னா கார்ட்டா என்பது மன்னர் அதிகாரத்துக்கு வரம்பு கட்டி, பிரபுக்கள் ஜானிடம் வாங்கிய உரிமைச் சாசனம். ஜான் அதில் கையெழுத்துப் போடவில்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் மன்னர் சாசனத்தில் கையெழுத்துப் போடும் வழக்கமே கிடையாது. மெழுகில் அரச முத்திரை வைப்பார்கள். அதையும் மன்னர் தன் கையால் அழுத்துவதில்லை, அதற்கென்று அலுவலர்கள் இருந்தார்கள். இதுகூடத் தெரியாதவர் மன்னராட்சிக்குக் கருமாதி பண்ண வந்துவிட்டார்.

நெட்டைக்கொக்கு:
சார், கைநாட்டு வைத்தவரைக்கூட "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்" என்றுதான் ஊரில் சொல்கிறோம். நான் பேசியது அதிகாரத்தைப் பற்றி. 1204-ல் பிரான்சில் ஜான் வசமிருந்த நார்மண்டி போனது. அதை மீட்கிறேன் என்று போர்வரிக்கு மேல் போர்வரி போட்டார். 1214-ல் பிரான்ஸ் மன்னரோடு நடந்த பூவீன் போரில் கூட்டாளிகள் தோற்றார்கள், அதோடு அந்தக் கனவும் போச்சு. மறு வருஷம் பிரபுக்கள் லண்டனையே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளிக்கு இறங்கி வந்தார். சாசனத்தின் 61-வது ஷரத்தைப் படியுங்கள். மன்னர் சொன்ன சொல் தவறினால் 25 பிரபுக்கள் அவருடைய கோட்டையையும் நிலத்தையும் பிடுங்கலாம், அவரையும் ராணியையும் பிள்ளைகளையும் மட்டும் தொடக் கூடாது. ஒரு மன்னர் இதற்குக் கையெழுத்துப் போட்டார் என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பார்த்தீர்களா, மறுபடியும் "கையெழுத்துப் போட்டார்"! நீளமாக எழுதினால் முத்திரை கையெழுத்தாகிவிடாது தம்பி. கைநாட்டு வைத்தவருடைய பெருவிரலாவது மையில் பட்டது. ஜானுடைய விரல் எதில் பட்டது?

செவ்வந்தி:
இரண்டு பேரும் முதலில் "மன்னராட்சி முடிந்தது" என்றால் என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே. ஜூன் 15-ல் ஒப்புக்கொண்ட சாசனத்தை ஆகஸ்ட் 24-ல் போப் மூன்றாம் இன்னொசென்ட் செல்லாது என்று அறிவித்துவிட்டார். பத்து வாரம்! உடனே உள்நாட்டுப் போர். 1216 அக்டோபரில் ஜானும் போய்ச் சேர்ந்தார். ஒன்பது வயதுப் பிள்ளை மூன்றாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததும் சாசனத்தைத் திரும்ப வெளியிட்டார்கள், ஆனால் கொக்கு சிலாகிக்கிற 61-வது ஷரத்தைக் கழற்றிவிட்டார்கள். பொது ஆலோசனை இல்லாமல் போர்வரி கூடாது என்ற 12-வதும் காலி. தேம்ஸ் ஆற்றில் மீன் பிடிக்கக் கட்டிய தடுப்புகளை அகற்றச் சொன்னதுகூட அதே சாசனத்தில்தான் இருக்கிறது. அதையும் மக்களாட்சி என்பீர்களா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நல்ல கேள்வி அம்மா. ஆனால் முதலில் கையெழுத்து விஷயம் தீரட்டும்.

சாம்பல்பூனை:
வாத்தியாருக்கு ஒரு அதிர்ச்சி வைத்தியம். 2015-ல் 800-வது ஆண்டுக்கு பிரிட்டன் நாணயச்சாலை இரண்டு பவுண்டு காசு வெளியிட்டது. அதில் ஜான் ஒரு கையில் சாசனமும் இன்னொரு கையில் இறகுப் பேனாவுமாக நிற்கிறார். காசு அடித்தவனுக்கே தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அந்தக் காசைப் பார்த்து வரலாற்றாசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், அதையும் சேர்த்துச் சொல்லும். 1215-ம் ஆண்டுப் பிரதிகள் நான்கு இருக்கின்றன: லிங்கன், சாலிஸ்பரி, பிரிட்டிஷ் நூலகத்தில் இரண்டு. நான்கில் ஒன்றிலும் கையெழுத்து கிடையாது. நூலகத்தில் உள்ள ஒன்று 1731 தீ விபத்தில் கருகியது, அதன் முத்திரை உருகி வெல்லக்கட்டி மாதிரி உருவமில்லாமல் தொங்குகிறது. அந்த உருகின மெழுகுதான் சாட்சி, உம்முடைய காசு இல்லை.

ஆனால் கொக்குவிடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது என் தப்பு. எட்டாம் ஹென்றி இழையில் அவருடைய நான்காவது மனைவி கிளீவ்ஸ் ஆனுக்குத் தலையை வெட்டியதாக எழுதியவர்தானே. அந்த அம்மாள் விவாகம் ரத்தாகி, ஹென்றி செத்த பிறகும் பத்து வருஷம் சௌக்கியமாக இருந்து 1557-ல் போனார்.

நெட்டைக்கொக்கு:
அது ஹென்றி நிஜமாகவே தலையை வெட்டிய இன்னொரு மனைவி ஆன் பொலின் என்று எழுத வந்து கை தவறியது. அன்றைக்கே சொன்னேன். இன்னும் எத்தனை மாதம் சொல்லிக் காட்டுவீர்கள் வாத்தியாரே?

தமிழ்க்கிறுக்கன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மாக்னா கார்ட்டா என்று ஏன் எழுத வேண்டும்? மகாசாசனம் என்றால் என்ன குறைச்சல்?

சாம்பல்பூனை:
மகாவும் வடமொழி, சாசனமும் வடமொழி. இதுதான் தமிழ்ப்பற்றா? "பேருரிமை ஓலை" என்று எழுதும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஓலை இல்லை. தோல். தோலில் எழுதி, முத்திரை வைத்தார்கள். முத்திரை.

நெட்டைக்கொக்கு:
சரி, 1215-ஐ விடுங்கள். 1649-க்கு வாருங்கள். முதலாம் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டாமல் பதினோரு வருஷம் ஆண்டார், கடலோர ஊர்களிடம் கேட்கிற கப்பல் வரியை நாடு முழுக்கப் போட்டார். அந்த வரியைக் கட்ட மறுத்த ஹாம்டன் வழக்கில் நீதிபதிகள் ஏழுக்கு ஐந்து என்று மன்னர் பக்கம் நின்றும் ஜனங்கள் அடங்கவில்லை. கடைசியில் சார்லஸின் மரண உத்தரவில் 59 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்து, சார். பேனாவால் போட்டது. போதுமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
வசமாக வந்து மாட்டினீர். அந்த உத்தரவை நன்றாகப் பாரும். 59 பெயர்களுக்குப் பக்கத்திலும் 59 மெழுகு முத்திரைகள். வெறும் கையெழுத்து போதும் என்றால் முத்திரை எதற்கு?

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நடந்த அந்த விசாரணை உமக்குத் தெரியாது, சொல்கிறேன். குற்றச்சாட்டை வாசிக்க வந்த குக் என்ற வக்கீலை சார்லஸ் தன் கைத்தடியால் தட்டினார். தடியின் வெள்ளிப் பூண் கழன்று தரையில் விழுந்தது. யாராவது எடுத்துத் தருவார்கள் என்று பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. தானே குனிந்து எடுத்துக்கொண்டார். தலைமை நீதிபதி பிராட்ஷா, யாராவது போட்டுத்தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் இரும்பு வைத்துத் தைத்த தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஜனவரி 30, கடுங்குளிர். நடுங்கினால் பயம் என்று நினைப்பார்களே என்று சார்லஸ் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளும். முத்திரை சும்மா மெழுகு என்றால், 1688-ல் ஓடிப்போன இரண்டாம் ஜேம்ஸ் எதைத் தேம்ஸில் எறிந்துவிட்டு ஓடினார்? பேனாவையா? பெருமுத்திரையை!

செவ்வந்தி:
1649-ல் மன்னரை வெட்டி, 1660-ல் அவர் மகனையே அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அப்போதும் முடியவில்லை. மன்னர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய 1689 உரிமைச் சட்டத்துக்கு அப்புறமும் மன்னர்தான் அமைச்சர்களை வைத்தார், நீக்கினார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 1708-ல்கூட ராணி ஆன் நிறுத்தி வைத்தார். எது முடிவு என்று ஒருவராவது சொல்லுங்களேன்.

சாம்பல்பூனை:
சார்லஸ் தலை போன பிறகு நாட்டை ஆண்ட படைத்தலைவர் க்ராம்வெல் வந்ததுதான் முடிவு. ஆம்பளை!

செவ்வந்தி:
அயர்லாந்தின் ட்ரோகடா ஊரில் எத்தனை பேரைக் கொன்று குவித்தார் என்று படித்துவிட்டு வந்து ஆம்பளை என்று சொல்லுங்கள். 1653-ல் மிச்சமிருந்த நாடாளுமன்றத்தையும் சிப்பாய்களை விட்டு வெளியே துரத்தியவர். சார்லஸ் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க 1642-ல் சபைக்குள் புகுந்தபோது எவ்வளவு கூச்சல் போட்டார்கள்!

சாம்பல்பூனை:
கிரீடத்தை நீட்டியபோது வேண்டாம் என்றவர் அக்கா அவர்.

நெட்டைக்கொக்கு:
அவர் பிணத்தையே 1661-ல் தோண்டி எடுத்துத் தூக்கில் போட்டார்கள். அதுவும் ஜனவரி 30 பார்த்து. இங்கே சிலரும் அப்படித்தான், செத்துப்போன இழையைத் தோண்டித் தொங்கவிடுகிறார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கிளீவ்ஸ் ஆனைச் சொல்கிறீரா? உயிரோடு இருந்தவரைக் கொன்றதே நீர்தான். நாற்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், தன் தப்பை ஒப்புக்கொள்ளாத பையன் கடைசி பெஞ்சிலிருந்து நகர்ந்து நான் பார்த்ததில்லை.

நெட்டைக்கொக்கு:
உங்கள் திருப்திக்காகப் பழைய பதிவைத் திருத்திவிட்டேன். போய்ப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பார்த்தேன். "கையெழுத்துப் போட்டார்" என்பதை எடுத்துவிட்டு "கையொப்பமிட்டார்" என்று மாற்றியிருக்கிறீர்! என்ன கொழுப்பு!

தமிழ்க்கிறுக்கன்:
கையொப்பம் நல்ல தமிழ்ச் சொல்தானே ஐயா.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நீர் வேறு. பேருந்து வந்துவிட்டது, ராத்திரி ஊர் போய்ச் சேர்ந்து எழுதுகிறேன். அதுவரைக்கும் யாரும் இழையைப் பூட்ட வேண்டாம்.