உக்கும், மக்கும், அழுகும்: பச்சைத் தொட்டியின் மேல் எந்தச் சொல்லை எழுதுவது?

மிலாறு:
ஹட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயன்களுக்குப் பொதுவாகக் குப்பை பிரித்துப் போடும் கொட்டகை ஒன்றை இளைஞர்கள் சேர்ந்து கட்டி முடித்திருக்கிறோம். தொட்டிகளுக்கு மேலே எழுத வேண்டிய வேளையில் மூன்று கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறோம். இலை, மரக்கறிக் கழிவு போடும் பச்சைத் தொட்டிக்கு 'உக்கும் கழிவு' என்றும், தகரம், பொலித்தீன் போன்றவற்றின் தொட்டிகளுக்கு 'உக்காத கழிவு' என்றும் எழுத வேண்டும் என்பது என் கருத்து. 'மக்கும் குப்பை' என்றால்தான் எல்லோருக்கும் பழக்கம் என்கிறார்கள் சிலர். மூத்தவர்களோ 'அழுகுற சாமான்' என்று எழுதினால் போதும், எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் அது விளங்கும் என்கிறார்கள். பலகை எழுதுபவர் விரைவில் வரவிருப்பதால், இந்தச் சொற்களின் பொருளை அறிந்தவர்கள் தங்கள் வாதங்களை இங்கே வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தெற்குமலை:
'மக்கும்' என்பதே நமக்கு உரிய சொல். மலையக மக்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்களில் இன்றும் எரு மக்குகிறது, குப்பை மக்குகிறது என்றே பேசுகிறார்கள். தமிழ்நாட்டு நகராட்சித் தொட்டிகளில் 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று எழுதியிருப்பதைத் தொலைக்காட்சியில் பார்க்காத பிள்ளை நம் லயன்களில் இல்லை. அதோடு, 'உக்கும்' என்பதில் ஒரு பெரிய இடறல் இருக்கிறது. கூரைத் தகரம் துருவேறி ஓட்டை விழுந்தால் 'தகரம் உக்கிப்போச்சு' என்று சொல்கிறோம் அல்லவா? அப்படியிருக்க, பழைய தகரத்தைக் கொண்டுவருபவர் 'உக்கும் கழிவு' என்ற பலகையை வாசித்துவிட்டு அதைப் பச்சைத் தொட்டியில் போட்டால், அவரிடம் என்ன பதில் சொல்வீர்கள்?

கவ்வாத்து:
தேயிலை மலையில் வெளிக்கள உத்தியோகத்தராக நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உயர்ந்த மலைகளில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழக் கவ்வாத்து வெட்டும்போது, விழுகின்ற கிளைகளான மிலாறை அடுப்புக்கு அள்ளிப் போகாமல் நிலத்திலேயே விட வேண்டும் என்பதற்குக் காரணம், அதில் இருக்கும் சத்து அந்த மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான். சில மாதங்கள் கழித்து மண்ணைக் கிளற முள்ளுக் குத்தும்போது அடியில் கிடக்கும் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சரிவிலே காற்றுப்படக் கிடந்த இலை கபில நிறமாகிப் பொலபொலவென்று உதிரும். முதல் மழைக்கு மண் மணப்பதைப்போல மணக்கும். அதே மலையில், தூர்ந்துபோன கானுக்குள் (வடிகாலுக்குள்) நீர் தேங்கிய இடத்தில் கிடந்த இலையோ கறுத்து, கொழகொழத்து, மூக்கைப் பொத்த வைக்கும். முதலாவதை 'உக்கியது' என்றும் இரண்டாவதை 'அழுகியது' என்றும் தொழிலாளர் பிரித்துச் சொல்வதைக் கேட்டே நான் வேலை பழகினேன். இலை உக்கும், சாக்கு உக்கும், மரக்கட்டை உக்கும், உருளைக்கிழங்கும் தக்காளியும் அழுகும், சோறு பழுதாகும், மூங்கில் உளுத்துப்போகும். ஒவ்வொரு பொருள் கெடும் விதத்துக்கும் ஒவ்வொரு சொல்லை வைத்திருக்கும் மக்களிடம் 'அழுகுற சாமான்' என்று எழுதிக் காட்டினால், நாற்றமடிக்கும் குவியலைத்தான் அவர்கள் எதிர்பார்ப்பார்கள். கொட்டகைக்குப் பக்கத்து லயத்தில் இருப்பவர்கள் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்கள்?

தெற்குமலை:
ஐயா சொன்ன வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் தகரத்தைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. உலோகத் தொட்டிக்கும் பொலித்தீன் தொட்டிக்கும் சேர்த்து 'உக்காத கழிவு' என்று தலைப்பிடப் போகிறீர்கள். தகரம் உக்கும் என்று பேசுகிற ஊரில் அந்தத் தலைப்பு பேச்சு வழக்குக்கு நேர்மாறானது.

ஆய்வுகூடம்:
பண்டாரவளைப் பக்கத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தகரம் துருப்பிடிப்பது ஈரலிப்பும் ஒட்சிசனும் இரும்போடு தாக்கமுறுவதால்; அதற்கு உயிரினம் எதுவும் தேவையில்லை. இலை மண்ணாவது பற்றீரியாவும் பங்கசும் அதை உணவாக்கிக்கொள்வதால். பேச்சு வழக்கு இரண்டையும் ஒரே வினையால் சுட்டினாலும், பாடநூல்களில் இரண்டாவதற்குப் 'பிரிகையாக்கம்' என்ற சொல் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உயிரினங்களைப் பிரிகையாக்கிகள் என்கிறோம். 'உக்கல்' என்பதை மண்ணில் எஞ்சும் கரிய சேதனப் பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கவ்வாத்து ஐயா சொன்ன மண் மணம் ஜியோஸ்மின் என்ற சேர்வையின் மணம். காற்றுள்ள மண்ணில் வாழும் அக்டினோமைசீட் வகை நுண்ணங்கிகளே அதைப் பெரும்பாலும் உண்டாக்குகின்றன. ஒட்சிசன் இல்லாத கானுக்குள் வேறு பற்றீரியாக்கள் வேலை செய்வதால் ஐதரசன் சல்பைட்டு போன்ற நாற்ற வாயுக்கள் பிறக்கின்றன. ஆகவே 'பிரிகையடையும் கழிவு' என்று எழுதுவதே பிழைக்கு இடமில்லாத வழி.

மிலாறு:
ஆசிரியர் அவர்களே, விடியலில் கொழுந்துக்குப் போய் மாலையில் திரும்பும் அம்மாமார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கப்போகும் பலகை இது. 'பிரிகையடையும்' என்ற சொல்லைப் பரீட்சை எழுதிய பிள்ளை அறிவாள். வாளியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளை அல்ல.

தெற்குமலை:
சொல்லின் வேரையும் பார்த்துவிடுவோம். 'புகு' என்பது 'புக்க' என்று வருவதுபோல 'உகு' என்பது 'உக்க' என்று வரும். கண்ணீர் உகுத்தாள் என்கிறோம். உகுதல் என்றால் உதிர்தல், சிந்துதல். 'உக்கு' என்பதும் அந்த வேரிலிருந்து வந்தது என்று கொள்ள இடமுண்டு. அப்படியானால் பொருள்களின் உதிர்வைத்தான் அது சொல்கிறது, மண்ணாவதைச் சொல்லவில்லை. தகரம் உக்குவதும் அதனால்தான் பொருந்துகிறது. வெயிலில் கிடந்து பொடிப்பொடியாகும் பொலித்தீன் பையையும் அதே நியாயத்தில் 'உக்கியது' என்று சொல்லிவிடலாமே!

கவ்வாத்து:
பொலித்தீனைக் கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று, தம்பி. 2017 செப்ரெம்பரில் சோறு பொதியும் லஞ்ச் ஷீட்டுக்கும் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கும் தடை வந்த பின்னர், 'உக்கும் பை' என்ற பெயரில் பலவகைப் பைகள் கடைகளுக்கு வந்தன. அவற்றில் சில வெறுமனே துண்டு துண்டாக உதிர்பவை. சோளம் முதலியவற்றின் மாப்பொருளிலிருந்து செய்யப்படும் பிளாஸ்டிக்கில் ஒருவகை உண்மையாகவே நுண்ணங்கிகளுக்கு உணவாகக்கூடியது. ஆயினும் அதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடு நீடிக்கும் பெரிய கூட்டெருத் தொழிற்சாலை வேண்டும். சுமார் 1,890 மீற்றர் உயரத்தில், சராசரி 16 பாகை குளிரில் இருக்கும் நுவரெலியா மண்ணில் அதைப் புதைத்துவிட்டு யாரும் காத்திருக்கத் தேவையில்லை. நம் ஊரில் தகரத்தைப் பற்றிச் சொல்லும்போது 'உக்கிப்போச்சு' என்று இழப்பைத்தான் சொல்கிறோம். குப்பையைப் பற்றிச் சொல்லும்போது 'நல்லா உக்கியிருக்கு' என்று பாராட்டாகச் சொல்கிறோம். பின்னதில் பயிருக்குப் போடலாம் என்ற கருத்து அடங்கியிருக்கிறது. உதிர்ந்த பையை யாராவது 'நல்லா உக்கியிருக்கு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல் எந்த வாயில் எந்தப் பொருளோடு சேர்ந்து வருகிறது என்பதை வைத்தே பொருளைத் தீர்மானிக்க வேண்டும். வேர் அதற்குத் துணை மட்டுமே. வேரைத்தான் பார்ப்பதென்றால், 'மக்கு' என்பதன் எழுத்து வழக்கான 'மட்கு' என்பதற்கு ஒளி மழுங்குதல் என்ற பழைய பொருள் உண்டு; அதிலும் எரு இல்லை.

தெற்குமலை:
அப்படியென்றால், பயிருக்குப் போடலாம் என்ற கருத்தையே நேரடியாக எழுதிவிடலாம். 'எருவாகும் கழிவு' என்று போடுங்கள். உக்குமா மக்குமா என்ற சண்டையும் இல்லை, தகரத்துக்கும் பைக்கும் இடமில்லை, யாழ்ப்பாணத்தவரும் மதுரைக்காரரும் ஒன்றுபோல விளங்கிக்கொள்வார்கள்.

ஆய்வுகூடம்:
இது எனக்கும் ஏற்புடையது. கோவா இலை, போஞ்சித் தோல், தேயிலைச் சக்கை போன்ற பச்சைப் பொருள்களில் நைதரசன் மிகுதி. மிலாறு, உலர்ந்த சருகு, மரத்தூள் ஆகியவற்றில் காபன் மிகுதி. ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் என்ற அளவில் கலந்து, காற்றுப்படப் புரட்டிக்கொண்டிருந்தால் குளிரான மலையிலும் குவியலின் உள்ளே சூடேறும். அந்தத் தொட்டிக்கு அருகில் சருகுக் குவியல் ஒன்றும் இருக்கட்டும்; ஒவ்வொரு வாளிக்கும் மேலே சருகைத் தூவினால் மூத்தவர்கள் எதிர்பார்க்கும் அழுகல் வராது.

கவ்வாத்து:
'எருவாகும்' என்பதைச் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'உக்கி' என்பதை எடுத்துவிடக் கூடாது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரென்று நிறுத்தப்பட்டபோது, பலர் அவசரத்தில் அரைகுறைக் கூட்டெருவை மரக்கறிப் பாத்திகளில் போட்டதைப் பார்த்தேன். உக்காத பொருளில் காபன் நிறைய மீந்திருப்பதால், அதை உண்ணும் நுண்ணங்கிகள் மண்ணிலிருக்கும் நைதரசனையும் இழுத்துக்கொள்கின்றன. போஞ்சியும் லீக்ஸும் மஞ்சளித்து நின்றன. 'எருவாகும்' என்று மட்டும் வாசிப்பவர், தொட்டியில் கிடப்பதை மறுவாரமே அள்ளிக்கொண்டு போகலாம் என்று எண்ணுவார். காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் சொல் 'உக்கி' ஒன்றுதான்.

மிலாறு:
'உக்கி எருவாகும் கழிவு' என்று எழுதக் கொடுக்கிறேன். மற்றத் தொட்டிகளுக்கு 'உக்காத' என்ற பொதுத் தலைப்பு வேண்டாம். தகரம், கண்ணாடி, பொலித்தீன் என்று பொருளின் பெயரையே எழுதினால் தெற்குமலை அண்ணனின் மறுப்புக்கும் இடமிருக்காது. மூத்தவர்களிடம் மீன் தலையையும் எலும்பையும் எங்கே போடுவது என்று இன்னும் பேச வேண்டியிருக்கிறது. நாய்கள் கிளறுவதால் அவற்றைப் பச்சைத் தொட்டியில் சேர்க்கும் எண்ணம் இல்லை.

தெற்குமலை:
எலும்பை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள், மேலே ஒரு தட்டு மண்ணும் கல்லும் வையுங்கள். 'உக்கி' என்ற சொல்லில் எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. 'மக்கி எருவாகும்' என்று எழுதினாலும் அந்தக் காத்திருப்பு விளங்கும். ஆயினும் பலகை உங்கள் தோட்டத்தினுடையது, முடிவும் உங்களுடையது.