ஜப்பான் தாங்கும் கடனை இலங்கை ஏன் தாங்கவில்லை?

தெருவிளக்கு:
ஜப்பான் அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 200 சதவீதத்தைத் தாண்டியும் அசையாமல் நிற்கிறது. இலங்கையோ ஏறத்தாழ அதில் பாதியிலேயே 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. அப்படியானால் எந்த எண்ணைத்தான் பார்ப்பது?

கணக்கர்:
எந்த நாணயத்தில், யாரிடம் வாங்கிய கடன் என்று பாருங்கள். ஜப்பான் வாங்குவது யென்னில். அரசின் கடன் பத்திரங்களில் ஏறத்தாழ பாதி அந்நாட்டு மத்திய வங்கியிடமே கிடக்கிறது. இலங்கை 2007 முதல் டாலர் பத்திரம் விற்றது. அதன் அசலை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்க வேண்டும். புதியதை விற்றுத்தான் பழையதை அடைப்பது வழக்கம். 2020இல் நாட்டின் கடன் தரமதிப்பீடு (கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான மதிப்பெண்) சரிந்ததும் புதியதை வாங்க ஆளில்லை. 2022 ஜனவரியில் 50 கோடி டாலரைக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். மே மாதம் செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலருக்கும் கீழே. ரூபாயை அச்சடிக்கலாம், டாலரை எங்கே அச்சடிப்பது?

வடகரை:
டொலர் பாதிக் கதைதான். 2019 கடைசியில் வற் (மதிப்புக் கூட்டு) வரியை 15 வீதத்திலிருந்து 8க்குக் குறைத்தார்கள். அதைவிட மோசம், எவ்வளவு விற்றால் வற்றுக்குப் பதிய வேண்டும் என்ற எல்லையை மாத விற்பனை 1 மில்லியன் ரூபாயிலிருந்து 25 மில்லியனுக்கு ஏற்றியது. வரியை ஒரு வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலால் திரும்ப ஏற்றலாம். பதிவேட்டை விட்டுப் போன வியாபாரியைப் பிடித்து வருவது லேசில்லை. 2021இல் அரச வருமானத்தில் 70 வீதத்துக்கு மேல் வட்டிக்கே போனது. நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

தெருவிளக்கு:
சரி, கடன் ஏறாமல் நிற்க எவ்வளவு உபரி வேண்டும்?

கணக்கர்:
கடன் விகிதத்தை, வட்டியிலிருந்து வளர்ச்சியைக் கழித்து வருவதால் பெருக்குங்கள். கடன் 100, வட்டி 8, வளர்ச்சி 6 என்றால், வட்டிச் செலவு நீங்கலாக ஏறக்குறைய 2 சதவீத உபரி. பணவீக்கத்தை இரண்டிலும் சேருங்கள், அல்லது இரண்டிலும் கழியுங்கள். ஒன்றில் மட்டும் கழித்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. செலாவணி சரிந்தால் இந்தக் கணக்கே உடையும். 2022இல் டாலர் சுமார் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. உற்பத்தியில் 40 சதவீதம் டாலர்க் கடன் என்று வைத்தால், ஒரு டாலர்கூடப் புதிதாக வாங்காமலே அது 72 ஆகிறது.

வடகரை:
2023 சர்வதேச நாணய நிதியத் திட்டம் 2025க்குக் கேட்ட மிகை, அதாவது நீங்கள் சொன்ன வட்டி நீங்கலான உபரி, உற்பத்தியில் 2.3 வீதம். 2032இல் கடன் 95 வீதத்துக்குக் கீழே வரவேண்டும் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். 2027 முதல் 2032 வரை வருடாந்த மொத்த நிதித்தேவை (பற்றாக்குறையும் அந்த வருடம் முதிரும் கடனும் சேர்ந்தது) சராசரியாக 13 வீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பதே இறுக்கமான நிபந்தனை. ஒரு வருடத்துக்குள் முதிரும் திறைசேரி உண்டியல்களைக் குறைத்து நீண்டகாலப் பிணைமுறிக்கு (கடன் பத்திரத்துக்கு) மாறாமல் அது நடக்காது.